இருத்தல்

சனி, அதிகாலை நாலரை.
செம்மஞ்சள் சட்டையில் மூன்று பேர்
வாசலில் நின்று எதையோ தேடினார்கள்.
கையுறை. தெர்மோஸ். வேட்டை அனுமதிச் சீட்டு.
எது எங்கே என்று எனக்குத் தெரியும்.
கட்டிலை விட்டு எழும்பவில்லை.
கண்டுபிடிக்கட்டும்,
மான் தேடப் போகிறவர்கள்.

நோர்முடைய ட்ரக் இரண்டு தரம் உறுமி
ஏரிப்பக்கம் திரும்பியது.
பிறகு நிலவறையில் ஹீட்டர்
க்ளிக் என்றது.
பதினோரு வருசமாய் இந்த வீட்டில் இருக்கிற சத்தம்.
இன்றைக்குத்தான் அறிமுகமானோம்.

ஒன்பது மணிக்குத் தேத்தண்ணி போட்டு
ஆறவிட்டுக் குடித்தேன்.
மறந்து ஆறியதல்ல,
வேண்டுமென்றே ஆறவிட்டது.
பாணைப் பிய்த்து, சம்பலில் தோய்த்து,
தட்டில்லாமல், நின்றபடி, ஜன்னலோரம்.
துகள்கள் தரையில் விழுந்தன.
விழட்டும்.
நவம்பரில் இங்கே எறும்புகளும் விடுமுறை.

கிருபா ஒரு வேலை சொல்லிவிட்டுப் போயிருந்தார்:
'ஃப்ரீசரைக் காலி பண்ணி வையும்,
இறைச்சிக்கு இடம் வேணும்.'
இறங்கிப் போய்த் திறந்தேன்.
போன வருசத்து மான், கடதாசியில் சுற்றி,
மேலே அகரனின் கோணல் எழுத்தில் 'தொடை'.
பக்கத்தில் மாம்பழ ஐஸ்கிரீம், கால் டப்பா.
அந்த அளவு இடத்தை மட்டும்
படிக்கட்டில் இருந்து
ஒரு கரண்டியால் காலி பண்ணினேன்.

எதிரே துப்பாக்கி அலமாரி. இன்றைக்கு வெறுமை.
அது வீட்டுக்கு வந்த கிழமை
நான் யாரோடும் கதைக்கவில்லை.
ஏன் என்று கிருபாவும் கேட்கவில்லை.
வேறு வேறு பங்கர்களில் வளர்ந்தவர்கள் நாங்கள்,
ஈரமண் மணம் ஒன்றுதான்.
அப்போது சத்தம் நின்றால்தான் பயம்.
அடுத்தது எங்கே விழும் என்று
காது விழித்துக் கிடக்கும்.
இந்த அமைதியையும் தட்டிப் பார்த்தேன்,
சந்தையில் தேங்காயைத் தட்டுவதுபோல்.
உள்ளே ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.
கரண்டியை நக்கினேன்.

மூன்று மணிக்கு முதல் பனி,
அதோடு ஒரு மான்.
ஊர் மான். கெனோராவில் அவை
பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் வழிவிடாமல் நிற்கும்.
ஊருக்குள் சுடக்கூடாது என்பது
அவருக்கும் தெரியும், அதுக்கும் தெரியும்.
எழுபது கிலோமீட்டர் தள்ளி
மரத்தின்மேல் மூச்சடக்கிக் குந்தியிருக்கிறார்கள்
என் கணவர், என் மகன்,
ஒரு நிமிசம் வாய் மூடாத என் மகள் தாரகை.
இங்கே இது
பக்கத்து வீட்டுச் சீடர் வேலியை
மெதுவாக மென்றுகொண்டிருக்கிறது.
என்னைப் பார்த்தது. நான் அசையவில்லை.
அசைய ஒரு காரணமும் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தோம்:
முல்லைக்கு இருத்தல்.
இருத்தல் என்றால் காத்திருத்தல் என்று
கரும்பலகையில் எழுதினார் டீச்சர்.
போனவன் திரும்பும்வரை,
கார் வரும்வரை.
(எங்கள் வீட்டில், நோர்முடைய ட்ரக் வரும்வரை.)
இல்லை டீச்சர்.
இருத்தல் என்றால் இருத்தல்.
சோபாவின் மூலையில்,
சோடி சேராத காலுறைகளோடு,
விளக்குப் போடாமல்
அறை நீலமாகி, சாம்பலாகி, இல்லாமற்போகும்வரை.

எட்டு மணிக்கு ஃபோன் ஒளிர்ந்தது.
'ஒண்டும் படேல்ல. நோர்மின்ர கேபினில தங்கட்டோ?
நாளைக்குப் பின்னேரம் வாறம்.
நீர் தனிய, பரவாயில்லையோ?'

'ஓம் ஓம்' என்று எழுதினேன்.
ஒரு ஓமை அழித்தேன்.
மற்றதையும் அழித்தேன்.
ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக்
குளியல் தொட்டியில் சுடுதண்ணீரைத் திறந்தேன்.
அது பாதி நிறைந்தபின் வந்து
'சரி. குளிர், கவனம்' என்று அனுப்பினேன்.
கொஞ்சம் வாடிய குரல்போல இருந்தது.
நன்றாக வந்திருந்தது.

கீழே ஹீட்டர் க்ளிக் என்றது.
ஓம், என்றேன்.